அலுமினியக் கவசமும் அதன் சோதனைகளும்

பாரதக் கதையிலே கர்ணன் கவச குண்டலங்களோடு பிறந்தவன். அவனுடைய கவசம் அவன் உடம்போடு ஒட்டி வளர்ந்தது. ஆதலின் அதனைச் சுமக்கும் வருத்தம் அவனுக்கு இல்லை. அந்தப் பேறு வேறு வீரர்க்கு வாய்க்கவில்லை. மெய்ம்மறை என்று பண்டைத் தமிழர் வழங்கிய கவசம், தோலால் ஆயினும் இரும்பால் ஆயினும், அணிந்தவன் தன் தோளிற் சுமக்கவேண்டிய பாரமே. பாரம் மிகுந்தாற் காப்பு மிகும், நடை தளரும். பாரம் குறைந்தால் நடை விரையும், மார்பு திறக்கும். கவசத்தின் வரலாறு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே மனிதன் நடத்திவந்த பேரத்தின் வரலாறு எனலாம்.

1916 ஆம் ஆண்டில் ஐரோப்பியப் போர்க்களத்திலே தாங்கிகள் தோன்றியபோது இந்தப் பேரம் வீரனின் தோளிலிருந்து வண்டியின் சில்லுகளுக்கு மாறியது. வண்டியின் கவசமும் நிறையுடையதே. நிறை கூடினால் எந்திரமும் பெரிதாதல் வேண்டும்; எரிபொருள் மிகுதியாகச் செலவாகும்; சேற்று நிலத்தில் வண்டி புதையும்; பாலம் அதனைத் தாங்காது. மகாவலியைக் கடந்து கம்பளைக்கு வரும் பாதைகளையும் மலைநாட்டுத் தோட்டங்களின் ஒடுங்கிய பாலங்களையும் அறிந்தவர்க்கு ஒரு தொன் நிறை கூடுவதும் குறைவதும் எத்துணை வேறுபாடு தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த நிலையிலேதான் உருக்கின் இடத்தில் அலுமினியக் கலப்புலோகத்தை வைத்துப் பார்க்கலாமா என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடை காணப் பொறியியலறிஞர் எத்தகைய சோதனைகளை நடத்தினர், அச்சோதனைகள் எதனை அறிவித்தன, எதனை அறிவியாது விட்டன என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பளை அரசிருக்கையாய் விளங்கிய 14 ஆம் நூற்றாண்டில் அலுமினியத்தைத் தனி உலோகமாக உலகில் எவரும் கண்டதில்லை. மண்ணிலே நிறைந்திருந்தும் ஒட்சிசனோடு இறுகப் பிணைந்திருந்தமையால் அது மறைந்தே கிடந்தது. 1825 இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் அதனைச் சிறிதளவு பிரித்தெடுத்தார். 1886 இல் அமெரிக்காவில் ஹோல் என்பவரும் பிரான்சில் ஹெரூ என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்னோட்டத்தினால் அதனைப் பெருமளவிற் பிரிக்கும் முறையைக் கண்டனர். அதன் பின்னரே அது அடுக்களைக்கு வந்தது. இன்று சோறு வடிக்கும் பானையும் தேநீர்க் கேத்தலும் அதனால் ஆனவை. தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தே ஈயத் தாளுக்குப் பதிலாக ஒட்டப்பட்ட தாளும் அதுவே. கையால் நசுக்கினால் நசுங்குகிற இந்த மெல்லிய உலோகம் துவக்குச் சன்னத்தைத் தடுக்கும் என்றால் கேட்போர் நகைப்பது இயல்பே.

ஆனால் அடுக்களை அலுமினியம் வேறு. கவச அலுமினியம் வேறு. தூய அலுமினியத்தின் பளிங்கமைப்பில் அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கிச் செல்லும். அம்மென்மைக்கு அதுவே காரணம். அந்த வழுக்கலைத் தடுக்க இரு வழிகள் உள. முதலாவது, மக்னீசியம் போன்ற வேற்றணுக்களை உட்கலந்து, பின்னர் குளிர்ந்த நிலையில் உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்குவது. கொல்லன் சம்மட்டியால் அடிக்க அடிக்கச் செம்பு இறுகுவது போல இதுவும் இறுகும். இரண்டாவது வழியை 1906 இல் ஜெர்மனிய அறிஞர் வில்ம் கண்டார். செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை மிகச் சூடாக்கி, நீரில் தோய்த்து, சில நாட்கள் வாளா வைத்திருந்தால் அது தானாகவே வன்மை பெறுகின்றது என்பதே அவர் கண்ட புதுமை. காலம் செல்லச் செல்ல உலோகத்தினுள்ளே கட்புலனாகா நுண்மணிகள் பிறந்து வழுக்கலைத் தடுக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. முதுமையடைய விட்டு வன்மைபெறச் செய்யும் இம்முறைக்கு முதிர்வித்தல் என்று பெயர்.

இவ்விரு வழிகளுக்கும் ஏற்பக் கவச அலுமினியமும் இரு குடும்பங்களாய் அமைந்தது. 5083 என்னும் எண்ணாற் குறிக்கப்படும் கலப்புலோகத்தில் நூற்றுக்கு 4 முதல் 5 வரையான மக்னீசியமும் சிறிது மங்கனீசும் உள. அது அழுத்தத்தால் வன்மை பெறுவது. 7039, 7017 முதலியவற்றில் நாகமும் மக்னீசியமும் உள. அவை முதிர்வித்தலால் வன்மை பெறுபவை. ஒரு தகடு மீளாதபடி வளையத் தொடங்கும் தகைப்பை அளவாகக் கொண்டால், 5083 கவசத் தகட்டுக்கு அது ஏறத்தாழ 250 மெகாபஸ்கால். 7039 தகட்டுக்கு ஏறத்தாழ 350. இவ்விரண்டும் கவச உருக்கின் வன்மைக்கு மிகத் தாழ்ந்தவையே. அப்படியாயின் அலுமினியத்தால் வரும் ஊதியம் யாது?

அந்த ஊதியம் நிறையிலே தங்கியுள்ளது. ஒரு கனசதம மீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், அதே கனவளவு அலுமினியம் 2.7 கிராம். எனவே ஒரே பரப்பில் ஒரே நிறையுள்ள இரு தகடுகள் செய்தால் அலுமினியத் தகடு உருக்குத் தகட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பாய் இருக்கும். தடிப்பு மிகுவதால் இரு நன்மைகள் விளைகின்றன. ஒன்று, சன்னம் கடக்கவேண்டிய தொலைவு நீளுகின்றது. மற்றொன்று, தகட்டின் விறைப்பு பன்மடங்காகின்றது. தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் கனத்துக்கு ஏற்ப வளரும். தடிப்பு 2.9 மடங்கானால் அதன் கனம் 24 மடங்குக்குச் சற்று மேலாகும். அலுமினியத்தின் மீள்தன்மைக் குணகம் உருக்கினதில் மூன்றிலொன்றே ஆதலால் அதனை மூன்றால் வகுத்தாலும் எட்டு மடங்கு விறைப்பு எஞ்சுகின்றது. ஆகவே அலுமினிய வண்டிக்கு உள்ளே தாங்கு சட்டங்களும் விலா எலும்பு போன்ற வரிச்சுகளும் வேண்டா. தகடே சுவராகவும் சட்டமாகவும் நிற்கும். கவசத்தில் மட்டுமன்றிச் சட்டத்திலும் நிறை மிச்சமாவது இவ்வாறே.

இக்கணக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1950 களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்கப் படை, காலாட்படையினரை ஏற்றிச் செல்லும் புதிய வண்டியொன்றை நாடியது. அது விமானத்தில் ஏற்றத்தக்கதாயும் நீரில் மிதக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்பது விதி. எஃப்.எம்.சி. என்னும் நிறுவனம் இருவகை மாதிரிகளைச் செய்தது: டி-113 அலுமினியத்தால் ஆனது, டி-117 உருக்கால் ஆனது. இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்த பின்னர் அலுமினிய வண்டியே தெரிந்தெடுக்கப்பட்டது. 1960 முதல் எம்-113 என்னும் பெயரோடு அது ஆக்கப்படலாயிற்று. அதன் உடல் 5083 கலப்புலோகத் தகடுகளால் ஆனது. தடிப்பு இடத்துக்கேற்ப 12 மில்லிமீற்றர் முதல் 38 மில்லிமீற்றர் வரை. அதற்கு முந்திய எம்-59 என்னும் உருக்கு வண்டி ஏறத்தாழ 19 தொன் நிறையுடையது. எம்-113 முதலில் ஏறத்தாழ 10½ தொன்னாகவே இருந்தது. பல்வேறு வடிவங்களில் ஏறத்தாழ 80,000 வண்டிகள் இவ்வகையிற் செய்யப்பட்டன. சிறு துவக்குகளின் சன்னங்களையும் எறிகணைச் சிதறல்களையும் தடுப்பதே அதற்கு விதிக்கப்பட்ட வேலை. தாங்கியின் பீரங்கியை எதிர்ப்பது அன்று.

இனி, ஒரு தகடு கவசமாகத் தக்கதா என்பதை எவ்வாறு சோதிக்கின்றனர் என்று பார்ப்போம். முதலிற் சோதனைக்கூடத்துச் சோதனைகள். தகட்டிலிருந்து வெட்டிய கோலை இரு முனையிலும் பற்றி இழுத்து, எத்தகைப்பில் அது நீளத் தொடங்குகிறது, எத்தகைப்பில் அறுகின்றது, அறுமுன் எவ்வளவு நீண்டது என அளப்பது இழுவைச் சோதனை. கடினமான சிறு குண்டை அழுத்திப் பதியும் குழியை அளப்பது வன்மைச் சோதனை. ஊசலாடும் சம்மட்டியால் வெட்டுக்கீறலுள்ள துண்டை ஒரே அடியில் முறித்து, முறிக்கச் செலவான சத்தியை அளப்பது மோதற் சோதனை. 1950 இல் கொழும்பில் தொடங்கி 1964 இல் பேராதனைக்கு இடம்மாறிய பொறியியற் பீடத்துக்குச் செல்லும் மாணவர்க்கு இவை முதலாண்டுகளிலேயே அறிமுகமாகும் சோதனைகள். பாலத்துக்கு இரும்பு தேர்வோரும் இவற்றையே செய்வர்.

ஆனால் சன்னம் பாலத்தின் பாரம் போல மெல்ல வந்து அழுத்துவதில்லை. 10 கிராம் நிறையுள்ள ஒரு சன்னம் செக்கனுக்கு 850 மீற்றர் வேகத்தில் வந்தால் அதன் இயக்கசத்தி ஏறத்தாழ 3,600 யூல். அச்சத்தி முழுவதும் விரல் நுனியளவான இடத்தில், செக்கனின் பத்தாயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த காலத்தில் இறங்குகின்றது. அவ்வேளையில் உலோகம் நடந்துகொள்ளும் முறையை மெல்ல இழுக்கும் எந்திரம் முற்றாகச் சொல்லாது. ஆதலால் இறுதித் தீர்ப்பு சுடுகளத்திலேதான் வழங்கப்படுகின்றது.

சுடுகளச் சோதனை எளிமையானது போலத் தோன்றும்; ஆயினும் அதன் உட்பொருள் நுட்பமானது. தகட்டை ஓர் உறுதியான சட்டத்திற் பொருத்துவர். அதன் பின்னே ஏறத்தாழ 15 சதம மீற்றர் தள்ளி, அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய அலுமினியத் தாளொன்றை நிறுத்துவர். இதற்குச் சாட்சித் தகடு என்று பெயர். சன்னமோ, கவசத்தின் பின்புறத்திலிருந்து பெயர்ந்த துணுக்கோ அந்தத் தாளைத் துளைத்து, ஒளி புகும் ஓட்டையை உண்டாக்கினால் அது முழுத் துளைப்பு எனக் கொள்ளப்படும். இல்லையேல் அரைகுறைத் துளைப்பு. சன்னம் கவசத்துள்ளே சிக்கிக்கொண்டது என்பதனால் மட்டும் கவசம் வென்றதாகாது. பின்னே நிற்கும் தாளுக்குத் தீங்கு வந்ததா என்பதே வினா. அந்தத் தாள் வண்டிக்குள் இருக்கும் மனிதனின் இடத்தில் நிற்கின்றது.

மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சன்னத்தின் வேகத்தை மாற்றி மாற்றிச் சுடுவர். இரு ஒளித்திரைகளைச் சன்னம் கடக்கும் நேர இடைவெளியிலிருந்து அதன் வேகம் கணிக்கப்படும். துளைத்தால் அடுத்த சூட்டின் வேகத்தைக் குறைப்பர், தடுத்தாற் கூட்டுவர். இவ்வாறு போகையில் ஒரு விந்தை வெளிப்படும். விளக்கத்துக்காக ஆறு சூடுகளைக் கற்பனை செய்துகொள்வோம். செக்கனுக்கு 793, 800, 805 மீற்றர் வேகத்தில் வந்த மூன்று சன்னங்களைத் தகடு தடுத்தது. 801, 808, 811 மீற்றர் வேகத்தில் வந்த மூன்றும் துளைத்தன. 805 இல் வந்தது நின்றுவிட, 801 இல் வந்தது துளைத்துச் சென்றதைக் காண்க. உலோகத்தின் ஒவ்வோரிடமும் ஒரே தன்மையதன்று; சன்னங்களும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே, துளைக்கும் வேகம் என்று கூரிய எல்லைக்கோடு எதுவும் இல்லை. ஐயத்துக்குரிய ஓர் இடைவெளியே உண்டு. அந்த ஆறு வேகங்களின் சராசரி 803. இதனையே ஐம்பது சதவீத வேகம் என்று அறிஞர் வழங்குவர். தகடுகளை ஒப்பிட உலகெங்கும் கையாளப்படும் அளவுகோல் இது.

இந்த அளவுகோலின் பொருளை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஐம்பது சதவீத வேகம் 803 என்றால், அந்த வேகத்துக்குக் குறைந்த சன்னமெல்லாம் தடுக்கப்படும் என்பது பொருளன்று. அந்த வேகத்தில் வரும் சன்னங்களிற் பாதி உள்ளே புகும் என்பதே பொருள். இரு உலோகங்களில் எது சிறந்தது என்று தீர்மானிக்க இவ்வெண் பெரிதும் உதவும். ஆனால் ஒரு மனிதனை அத்தகட்டின் பின்னே இருத்தலாமா என்னும் வினாவுக்கு அது மட்டும் விடையாகாது. எதிர்வரும் சன்னத்தின் வேகத்துக்கும் அவ்வெண்ணுக்கும் இடையே போதிய அகலமுள்ள காப்பெல்லை வைத்தல் வேண்டும். அளவையையும் உறுதிமொழியையும் ஒன்றெனக் கொள்வோர் இங்கே பெரும் பிழை செய்வர்.

சோதனைகளால் வெளிப்பட்ட மற்றோர் உண்மை, எதிரி மாறினால் கவசத்தின் தரவரிசையும் மாறும் என்பது. கூரிய கடின உருக்கு அகடுள்ள, கவசந்துளைக்கும் சன்னத்தை எதிர்ப்பதில் வன்மை மிகுந்த 7039 தகடு 5083 ஐ விஞ்சியது. ஆனால் மழுங்கிய முகமுடைய எறிகணைச் சிதறலை எதிர்ப்பதில் 5083 தகடே மேம்பட்டது. காரணம் யாதெனில், கூரிய அகடு உலோகத்தை விலக்கிக்கொண்டு நுழைகின்றது. அதற்கு வன்மை தடையாகும். மழுங்கிய சிதறலோ தகட்டின் ஒரு வட்டப் பகுதியை முளைபோல் அறுத்துப் பின்னே தள்ளுகின்றது. அல்லது அதிர்வலையினால் பின்முகத்தில் ஓர் ஏட்டைப் பெயர்த்தெறிகின்றது. வன்மை மிகுந்து நெகிழ்ச்சி குறைந்த உலோகம் இவ்வாறு அறுபடவும் பெயரவும் மிக எளிதில் இடங்கொடுக்கும். புயலிலே நாணல் வளைந்து பிழைக்க நெடுமரம் முறிகின்ற உவமை இங்கும் பொருந்தும். ஆகவே, மிக வன்மையானது எதுவோ அதுவே மிகச் சிறந்த கவசம் என்னும் எண்ணம் சுடுகளத்திலேயே பொய்த்துப் போயிற்று.

சுடுகளத்திலும் தோன்றாத குறையொன்று காலத்தால் வெளிப்பட்டது. நாகம் கலந்த வன்மையான தகடுகள் சன்னத்தைத் தடுப்பதிற் புகழ்பெற்று, அமெரிக்காவின் ஷெரிடன் வண்டியிலும் பிரித்தானியாவின் ஸ்கோர்ப்பியன் வண்டியிலும் இடம்பெற்றன. சில ஆண்டுகள் சென்றபின் யாரும் சுடாமலே இத்தகைய தகடுகளில் வெடிப்புகள் தோன்றுவதைக் கண்டனர். வெட்டிய விளிம்புகளிலும் பற்றவைத்த மூட்டுகளின் அருகிலும் தகட்டின் அடுக்குகளுக்கு இணையாக அவை ஓடின. இதற்குத் தகைப்பரிப்பு வெடிப்பு என்று பெயர். தகட்டை வளைத்துப் பொருத்தும்போது உள்ளே தங்கிவிட்ட தகைப்பும் காற்றின் ஈரமும் உப்பும் கூடி, மணியுருக்களின் எல்லை வழியே உலோகத்தை மெல்லப் பிளக்கின்றன. தனியே தகைப்பு மட்டும் இருந்தாலும், தனியே ஈரம் மட்டும் இருந்தாலும் இத்தீங்கு நேராது; இரண்டும் ஒருங்கு சேர்தலே கேடு. ஆண்டில் பெரும்பகுதி மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த கம்பளை போன்ற ஊரில் நிறுத்தி வைக்கப்படும் வண்டியொன்றை நினைத்துப் பார்த்தால் இக்குறையின் பாரம் விளங்கும். வண்டி போருக்குப் போகாமலே தன் கவசத்தை இழக்கின்றது.

இக்கேட்டை முன்னறியத் தனிச் சோதனை வகுக்கப்பட்டது. தகட்டின் தடிப்புத் திசையில் வெட்டிய துண்டைக் குறித்த தகைப்பில் வளைத்துப் பிடித்து, நூற்றுக்கு 3½ பங்கு உப்புள்ள நீரில் ஒவ்வொரு மணியிலும் 10 நிமிடம் அமிழ்த்தி, 50 நிமிடம் காற்றில் உலரவிடுவர். இரவும் பகலும் வாரக்கணக்கில் இது தொடரும். வெடிப்பு எந்நாளில் தோன்றுகிறது என்பதே இதன் விடை. இதில் 5083 பெரிதும் தாங்கி நின்றது. ஆயினும் அதுவும் குறையற்றதன்று. ஏறத்தாழ 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தால், அதிலுள்ள மக்னீசியம் மணியுரு எல்லைகளிற் சென்று திரண்டு, அரிப்புக்கு வழிதிறக்கும். நாகக் கலப்புலோகங்களை உச்ச வன்மைக்கு அப்பாலும் சற்று முதிர்வித்து, சிறிது வன்மையை விட்டுக்கொடுத்து அரிப்பெதிர்ப்பைப் பெறும் முறையும் வழக்கிலுண்டு. 1980 களில் செம்பு கலந்த 2519 என்னும் கலப்புலோகம் இவ்விரு குடும்பங்களின் நன்மைகளையும் ஒருங்கே பெறும் நோக்கோடு உருவாக்கப்பட்டது.

மூன்றாவது தேர்வு மூட்டுகளுக்குரியது. வண்டி ஒரே தகடன்று. பல தகடுகளை இணைத்துச் செய்த பெட்டி. பட்டறைகளில் வெல்டிங் எனப்படும் பற்றவைப்பின் வெப்பம், முதிர்வித்தலாலும் அழுத்தத்தாலும் வந்த வன்மையை மூட்டின் அருகே குலைத்துவிடும். எனவே மூட்டின்மீதே எறியத்தைச் செலுத்தி, அதிர்ச்சியால் வெடிப்பு எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று அளப்பர். 1991 இல் பிரித்தானியாவின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒரு புதுமுறையைக் கண்டது. சுழலும் முளையொன்றை இரு தகடுகளின் விளிம்பில் அழுத்தி, உராய்வின் வெப்பத்தால் உலோகத்தை உருக்காமலே மாவு பிசைவது போலப் பிசைந்து இணைப்பது அம்முறை. தமிழ்நாட்டில் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையத்தில் இம்முறையால் தடித்த அலுமினியத் தகடுகளை இணைத்து ஆராய்ந்துள்ளனர். 1963 இல் நிறுவப்பட்ட ஐதராபாத்துப் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக் கூடத்தின் அறிஞர்கள் 7017 தகடுகள்மீது கவசந்துளைக்கும் சன்னங்களைச் செலுத்தி, அவை சிதையும் முறைகளை ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். ஆகவே இத்துறை தமிழ் மாணவர்க்கு எட்டாத் தொலைவில் உள்ளதன்று.

இத்தனை தேர்விலும் தேறிய தகடு போர்க்களத்தில் என்னவாயிற்று? வியட்நாமில் எம்-113 வண்டிகள் சன்னங்களையும் சிதறல்களையும் தடுத்தன; ஆனால் எதிரியோ நிலத்திற் கண்ணிவெடி புதைத்தான். வண்டியின் தட்டையான அடிப்பாகம் வெடியின் முழு வேகத்தையும் வாங்கிக்கொண்டது. கவசத்துக்குள் இருப்பதிலும் கவசத்தின்மேல் இருப்பதே நன்று எனக் கண்ட வீரர் பலர் வண்டியின் கூரைமீது அமர்ந்து செல்லலாயினர். கவசம் செய்தோர் கேட்ட வினாவுக்குத் தகடு சரியான விடையே கூறியது. போர்க்களம் கேட்ட வினா வேறு.

இந்த வேறுபாடு 1980 களில் பெரும் வாதமாக மூண்டது. எம்-113 இன் பின் வந்த பிராட்லி என்னும் அலுமினிய வண்டி 1981 முதல் அமெரிக்கப் படையிற் சேர்ந்தது. ஏவுகணைகளும் எரிபொருளும் வீரரும் அதனுள்ளே ஒருங்கே அமைந்திருந்தன. 1984 இல் உண்மைச் சூட்டுச் சோதனைத் திட்டம் தொடங்கியபோது, வான்படைக் கேணல் ஜேம்ஸ் பேர்ட்டன், வண்டியைப் போருக்குச் செல்லும் கோலத்திலேயே, எரிபொருளும் வெடிபொருளும் நிறைத்துச் சோதித்தல் வேண்டும் என வாதாடினார். தொட்டியில் நீரை நிரப்பியும் வெடியாத போலிக் குண்டுகளை அடுக்கியும் நடத்தும் சோதனை உண்மையை மறைக்கும் என்பது அவர் கட்சி. தகட்டைத் துளைத்ததா என்பதன்று, துளைத்தபின் உள்ளிருப்போர்க்கு என்ன நேரும் என்பதே வினா என அவர் வற்புறுத்தினார். வாதம் அமெரிக்கக் காங்கிரஸ் வரை சென்றது. பெருமளவில் ஆக்குமுன் இத்தகைய வண்டிகளை உண்மைச் சூட்டுக்கு உட்படுத்துதல் வேண்டும் என்று 1986 இல் சட்டம் பிறந்தது. பிராட்லி வண்டிகளிற் பின்னர் வெளிக்கவசமாக உருக்குத் தகடுகள் சேர்க்கப்பட்டன; உட்சுவரிற் சிதறல் தடுக்கும் விரிப்புகள் பொருத்தப்பட்டன. ஒரு கேள்வியைத் திருத்திக் கேட்டதனால் வந்த பயன் இது.

இலங்கையின் அனுபவமும் இதற்கு ஒத்ததே. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே கண்ணிவெடியே வண்டிகளுக்குக் கொடிய எதிரியாயிற்று. தென்னாபிரிக்காவின் பஃபெல் வண்டி இங்கு கொண்டுவரப்பட்டது. அதனைப் பின்பற்றி யூனிகோர்ன், யூனிபஃபெல் என்னும் வண்டிகளை இலங்கைப் படையின் பொறியியற் பிரிவினர் உள்நாட்டிலேயே செய்தனர். இவற்றின் காப்பு அலுமினியத்தால் வந்ததன்று. உருக்குத் தகட்டை ஆப்பு வடிவில் அமைத்து, வெடியின் விசையை இருபுறமும் விலகியோடச் செய்த வடிவத்தால் வந்தது. உலோகத்தைத் தேர்வதற்கு முன்னே தீங்கு எத்திசையிலிருந்து வருகிறது என்று கேட்டறிந்ததன் விளைவு அது. அப்போரில் கவசத்துக்கு உள்ளே இருந்தோரும் வெளியே இருந்தோரும் இத்தீவின் மக்களே என்பதையும் கற்றோர் மறத்தலாகாது. வண்டியைக் காக்கும் வித்தையைக் கூறும் நூல்கள் பல. வெளியே நின்றோரைக் காக்கும் வித்தை உலோகவியலில் இல்லை.

மேலும், எவ்வுலோகத்தை ஆளுவது என்பதை நாட்டின் நிலையும் வகுக்கின்றது. இரும்பை உருக்கக் காற்றும் கரியும் போதும். சமனலவெவைப் பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு பழங்காலத்தோர் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அலுமினியத்துக்கோ ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 13 முதல் 15 அலகு மின்சாரம் வேண்டும். தமிழ்நாட்டில் மேட்டூரிலே 1965 இல் அலுமினிய ஆலை ஆக்கத்தைத் தொடங்கியது, அங்கே மின்வலுவும் சேர்வராயன் மலையில் பொக்சைற்றுக் கனியமும் அருகருகே கிடைத்தமையாலேயே. அதே ஆண்டில் சென்னைக்கு அருகே ஆவடியில் விசயந்தாத் தாங்கியின் ஆக்கமும் தொடங்கிற்று. ஆனால் அதன் கவசம் உருக்கே. பீரங்கியை எதிர்க்கும் தாங்கிக்கு அலுமினியம் போதாது. தடிப்பு மிகுந்து உள்ளிடம் குறுகிவிடும். இலேசான வண்டிக்கு ஏற்றது கனத்த வண்டிக்கு ஏற்பதில்லை.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். அலுமினியம் உருக்கை வென்றது என்பதும் தோற்றது என்பதும் பொருளற்ற கூற்றுகள். ஒரு குறித்த நிறைக்குள், ஒரு குறித்த தீங்குக்கு எதிராக, ஒரு குறித்த தட்பவெப்பத்தில், இத்தனை ஆண்டுக்கு எனக் கேட்டாலன்றி எந்த உலோகத்துக்கும் தரவரிசை கூற இயலாது. இழுவை எந்திரம் வன்மையைக் கூறும். சுடுகளம் துளைப்பைக் கூறும். உப்புநீர்த் தொட்டி காலத்தைக் கூறும். ஒன்று கூறுவதை மற்றொன்று கூறாது. ஒரு சோதனையில் முதலிடம் பெற்ற தகடு மற்றொன்றிற் கடையிடம் பெற்றதை மேலே கண்டோம்.

நம் கல்லூரிகளின் ஆய்வுகூடங்களில் அளவைகளை எடுத்து எழுதும் மாணவர், விடை சரியா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். அந்த எண் எந்த வினாவுக்கு விடை என்று கேட்கும் பழக்கமும் அவர்க்கு வேண்டும். செக்கனுக்கு 803 மீற்றர் என்று ஏட்டில் எழுதுவது எளிது. அதனை வாசிக்கும் பொறியியலாளர், தகட்டின் பின்னே நிறுத்திய மெல்லிய தாளின் இடத்தில் ஓர் இளைஞன் அமர்ந்திருப்பதை உணர்ந்து வாசித்தல் வேண்டும். அவ்வுணர்வோடு வாசிப்பவர் அந்த எண்ணிலே நிறைவு கொள்ளார்; அடுத்த சோதனைக்குத் தகட்டை ஆயத்தம் செய்வார்.